நலம் தீங்கிலும் மறக்காத ஒரு துணை | திருப்பாதிரிப்புலியூர் வ்லாக்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம வீடியோ சனிக்கிழமைதான் வரும்னு தெரியும். ஆனா இதை அதுவரைக்கும் மனசுக்குள்ள வச்சிருக்க முடியல.

ஃபோனைத் திறந்தாலே ஒரே ரீல்ஸா வருது. இந்த எண்ணெயில இந்தத் திசை பார்த்து விளக்கேத்துங்க, உங்க வீட்டுக்குக் கஷ்டமே வராதுன்னு. எனக்கு இந்தப் பேச்சு அறவே பிடிக்காது. அப்போ கஷ்டத்துல இருக்கிறவங்க எல்லாம் சாமியைச் சரியா கும்பிடாதவங்களா? ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருக்கிற ஒரு அம்மா அதைப் பார்த்தா அவங்க மனசு என்ன பாடுபடும்?

நான் இப்போ அம்மாவைக் கூட்டிக்கிட்டு கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். தேவாரம் பாடின திருநாவுக்கரசர் இருக்காரே, அப்பர், அவர் கரையேறின விழா சித்திரை அனுஷத்துல நடக்கும்ல, அந்தக் கூட்டமெல்லாம் ஓஞ்சப்புறம் நிம்மதியா போகணும்னு அம்மாவுக்கு ஆசை. சமணத்தை விட்டு சைவத்துக்கு வந்துட்டார்னு பல்லவ ராஜாவோட ஆளுங்க அவரைக் கல்லோட கட்டிக் கடல்ல தள்ளுனாங்க, கல்லே தெப்பமா மிதந்து அவரைக் கொண்டுவந்து சேர்த்த இடம்தான் கரையேறவிட்ட குப்பம்.

கடல் மட்டுமா? நாயன்மார்கள் கதை சொல்ற பெரியபுராணத்தை எடுத்துப் பாருங்க. முதல்ல சூலை நோய், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டிருக்கார். அப்புறம் நீற்றறையில, அதான் சுண்ணாம்புக் காளவாய்ல, ஏழு நாள் அடைச்சு வச்சாங்க. பால்சோத்துல நஞ்சு வச்சாங்க. யானையை ஏவி விட்டாங்க. இதுல ஒண்ணைக்கூட சிவபெருமான் வராம நிறுத்தல. எல்லாம் வந்துச்சு. ஆனா அந்தச் சுண்ணாம்புக் காளவாய்க்குள்ள உக்காந்துக்கிட்டு அவர் பாடினது என்ன? "மாசில் வீணையும் மாலை மதியமும் வீசு தென்றலும்". வெளியில இருந்து யாரும் கதவைத் திறந்துவிடல, அவர் உள்ளேயே தென்றலை வாங்கிக்கிட்டிருக்கார். எனக்குத் தெரிஞ்ச சாமி இதுதான். கஷ்டம் வராம பார்த்துக்கிறவர்னு நான் ஒருநாளும் நினைச்சதில்ல, கஷ்டத்துக்குள்ள வந்து கூட உக்காருறவர்.

ஐயோ, புத்தகத்தைப் பத்திச் சொல்லாம போறேனே! இதைப் பாருங்க. கேமரா கிட்ட காட்டுறேன். பெரிய எழுத்துல நாலாம் திருமுறை, அப்பர் பாடின தேவாரம்! அம்மாவுக்குக் கண்ணுல புரை எடுத்ததுல இருந்து பொடி எழுத்து படிக்க முடியலன்னு முன்னாடி வீடியோவுலயே சொல்லியிருக்கேன். எத்தனை ஊர், எத்தனை கடை! இருந்தா பொடி எழுத்து, இல்லன்னா பத்துப் பாட்டு அளவுல வர்ற ஒரு பதிகத்துக்கு நாலு பாட்டு மட்டும் பொறுக்கிப் போட்ட புத்தகம். அப்படிப் பொறுக்கிப் போடுறது எனக்கு ஆகவே ஆகாது. இதுல முழுப் பதிகமும் இருக்கு, சீர் பிரிச்சுப் போட்டிருக்காங்க, தாள் பளபளன்னு கண்ணைக் கூசாம மங்கலா இருக்கு. தைச்ச கட்டு, பசை போட்டது இல்ல, விரிச்சு வச்சா அப்படியே நிக்குது. விலை 180 ரூபாய். பழைய ஸ்டாக்குன்னு சொல்லி கடைக்காரர் 150க்குக் கொடுத்தார். அம்மா கண்ணாடியைக் கழட்டி மடியில வச்சுட்டு அங்கேயே ஒரு பக்கம் படிச்சுக் காட்டினாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அவங்க திறந்தது முதல் பதிகம். "கூற்றாயினவாறு". கோயில்ல தேவாரம் பாடுற ஓதுவார்கள் கொல்லிங்கிற பண்ல, அதாவது பழைய தமிழ் ராகத்துல, பாடுவாங்களே, அது. அதுல வரும், "நலம் தீங்கிலும் உன்னை மறந்தறியேன்". நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் உன்னை மறந்ததே இல்லைன்னு அர்த்தம். எங்க வீட்டுல இந்த வரிக்கு ஒரு கதை இருக்கு.

2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் இருக்கிறவங்க யாரும் அந்தத் தேதியை மறக்க மாட்டாங்க. காத்து நின்னப்புறம் தோப்புக்குப் போனா, முந்திரி மரமெல்லாம் வேரோட படுத்துக் கிடக்கு. தாத்தா வச்ச பலாமரம், ரெண்டு பேர் கை கோத்தாதான் கட்டிப் பிடிக்க முடியும், அது செம்மண்ணைப் பேத்துக்கிட்டு சாஞ்சிருக்கு. கிளையில பிஞ்சு அப்படியே ஒட்டிக்கிட்டிருந்துச்சு. கரண்ட் இல்ல, வீட்டு ஓடு பாதி இல்ல. அன்னைக்குச் சாயங்காலம் அம்மா ஒரு சொம்புத் தண்ணியும் அகலும் மட்டும் வச்சாங்க. பூச்செடியும் போச்சுல்ல, பூ இல்ல. உக்காந்து இந்தப் பதிகத்தை ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு ஆத்திரம். "அதான் மரமெல்லாம் போச்சே, இன்னும் என்னம்மா பாட்டு?"ன்னு கேட்டேன். "மரம் போச்சுடி. அவன் எங்க போனான்?" அவ்வளவுதான் சொன்னாங்க. மீதிப் பாட்டையும் பாடி முடிச்சாங்க.

புயலுக்கப்புறம் வச்ச கன்னுங்க இன்னைக்குப் பெரிய மரமாகி நிக்குது. இந்த வருஷம் காய்ப்பு எப்படின்னு போன வீடியோவுல பார்த்தீங்க, அடிமரத்துல இருந்தே தொங்குது. முதல் பழத்தை வெட்டின அன்னைக்கும் அம்மா அதே இடத்துல உக்காந்து அதே பதிகத்தைத்தான் பாடினாங்க. கேட்டுக்கிட்டே இருந்தேன். அன்னைக்குப் பாடின அதே நிதானம். சந்தோஷம்னு ஒரு சுரம் கூடல. இதுதான் எனக்குப் பெரிய விஷயமா படுது. கஷ்டத்துல சாமியைக் கூப்பிடாதவங்க யாரு? பலாச்சுளை வாயில இருக்கும்போதும் பக்கத்துல அவர் இருக்கார்னு நினைக்கிறவங்களுக்குத்தான் புயல் அன்னைக்கு அவரை எங்கேயும் தேட வேண்டியிருக்காது.

ஒண்ணு விட்டுட்டேன், கோயில்ல நடந்தது. ஓதுவார் "ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன் தோன்றினராய்"னு எடுத்தார். இந்தத் தலத்துப் பதிகம். "தோன்றாத் துணையாய் இருந்தனன்"னு, கண்ணுக்குத் தெரியாத துணையா இருந்தான்னு முடியும். அம்மா மெல்ல என் கையைப் பிடிச்சு, "இதைப் பாடினவருக்குச் சின்ன வயசுலயே அம்மா அப்பா ரெண்டு பேரும் இல்ல"ன்னாங்க. ஆமா! புகழனாரும் மாதினியாரும் போயிட்டாங்க. அக்கா திலகவதியாருக்குப் பேசி வச்ச மாப்பிள்ளை கலிப்பகையார் போர்ல போயிட்டார். நானும் உயிரை விடுறேன்னு நின்ன அந்த அக்கா, தம்பிக்காகத்தான் உயிரை வச்சுக்கிட்டாங்க. அப்படி வளர்ந்த பிள்ளைதான் சாமியை அம்மா, அப்பா, கூடப் பிறந்தவங்கன்னு வரிசையா சொல்லிக் கூப்பிடுது. இத்தனை நாள் கேட்ட பாட்டு, அன்னைக்குத்தான் எனக்கு உள்ளே இறங்குச்சு.

திலகவதியாருக்குத் திருவதிகை வீரட்டானேஸ்வரர் கோயில்ல சன்னதி இருக்கு, பண்ருட்டிக்குப் பக்கத்துலயேதான். அடுத்த வீடியோ அங்கதான். அவங்க கூட்டி மெழுகின இடம், வயித்து வலியோட வந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்த இடம். இதே மாதிரி பெரிய எழுத்துல, முழுப் பதிகமா, தைச்ச கட்டுல அஞ்சாம் திருமுறை எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. "மாசில் வீணையும்" அதுலதான் இருக்கு, அம்மா இப்பவே கேட்க ஆரம்பிச்சுட்டாங்க.