விமானம் வராத நாளுக்கும் சேர்த்து

நேயர்களுக்கு வணக்கம். ஏற்காட்டுக்குப் போக நமக்குத் திட்டமே வேண்டாம். சேலத்தில் பஸ் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள், மேலே சூடாக ஒரு காபி. நான் இன்று பேச வந்திருப்பது பஸ்ஸே போகாத ஓர் இடத்தைப் பற்றி.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், வடக்கே 'கேட்ஸ் ஆஃப் த ஆர்க்டிக்', அதாவது 'ஆர்க்டிக்கின் வாசல்கள்' என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. 1980-இல் பூங்காவானது. ஒட்டியுள்ள காப்பகத்தையும் சேர்த்தால் 84 லட்சம் ஏக்கர். நம் சேலம் மாவட்டம் ஆறு அதற்குள் அடங்கிவிடும். உள்ளே சாலை இல்லை, போட்டுவைத்த நடைபாதையும் இல்லை. நுழைவுக் கட்டணமும் கிடையாது. வசூலிக்க வாசல் இருந்தால்தானே! பெயரில் மட்டும்தான் வாசல். கோயுகுக் ஆற்றின் வடகிளைக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு மலைகளுக்கு ராபர்ட் மார்ஷல் என்ற வனவியலாளர் வைத்த பெயர் அது.

ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து சிறு விமானத்தில் பெட்டில்ஸ் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். அங்கிருந்து அதைவிடச் சிறிய, மிதவை கட்டிய விமானம் நம்மை ஓர் ஏரியில் இறக்கிவிட்டுப் பறந்துவிடும். திரும்ப அழைத்துப்போகும் நாளையும் இடத்தையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கைப்பேசி அங்கே வேலை செய்யாது. ஜூலையில் கொசு மொய்க்கும் என்பதால் நாங்கள் ஆகஸ்டில் போனோம்.

சிறிய விமானம் ஆகையால் எடைதான் எஜமானன். பையை மட்டுமல்ல, நம்மையும் நிறுத்துப் பார்ப்பார்கள். புறப்படும் முன் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைத் தராசில் என் பையை ஏற்றினேன். 31 கிலோ. "யாருக்கு அண்ணா இந்த மூட்டை?" என்றார் கடைக்காரர். இரண்டு சட்டை, கனத்த போர்வை, ஒரு நாவல் எல்லாம் வெளியே வந்தன. அடுப்புக்கான எரிவாயு பயணிகள் விமானத்தில் ஏறாது. அதை அங்கே போய்த்தான் வாங்கினோம்.

உணவைக் கரடி திறக்க முடியாத டப்பாவில்தான் வைக்க வேண்டும். பூங்கா அலுவலகத்திலேயே இரவல் தருகிறார்கள். வாசனை உள்ளதெல்லாம், பற்பசைகூட, அதற்குள் போக வேண்டும். என் மனைவி சுட்டுத் தந்த தட்டுவடையை அடுக்கிப் பார்த்தேன். டப்பாவில் பாதி வெறும் காற்று. வேறு வழியின்றி டம்ளரின் அடியால் நொறுக்கித் தூளாக்கி அவலோடு திணித்தேன். சேலத்துக்காரன் செய்யக்கூடாத பாவம்தான்.

நடையிலும் ஏமாந்தேன். ஏற்காட்டுச் சாலையில் சுமையோடு ஏறிப் பழகிய தைரியம் முதல் மணி நேரத்திலேயே போய்விட்டது. தரை முழுக்கக் கால்பந்து அளவில் புல் திட்டுகள். மேலே மிதித்தால் சாயும், இடையில் மிதித்தால் கால் சேற்றில் இறங்கும். நன்றாக நடப்பவருக்கே நாளொன்றுக்கு 6 மைல் பெரிது.

ஆனால் திட்டத்தின் உயிர்நாடி வேறு. அந்த விமானிகள் கண்ணால் பார்த்தே பறப்பவர்கள். மேகம் மலையை மூடிக்கொண்டால் வரமாட்டார்கள். அதனால் நான்கு நாள் உணவு கூடுதலாக எடுத்திருந்தோம். இதற்கு மட்டும் தராசைப் பார்க்கவில்லை.

நாங்கள் திரும்ப வேண்டிய நாளில் ஏரியின் எதிர்க்கரை தெரியவில்லை. மறுநாளும் அப்படியே. கூடாரத்துக்குள் வெந்நீரில் அவலை ஊறவைத்து, தட்டுவடைத் தூளைத் தூவிச் சாப்பிட்டுக்கொண்டு மழைச் சத்தம் கேட்டோம். மூன்றாம் நாள் மதியம் எஞ்சின் சத்தம் வந்தபோது டப்பாவில் இரண்டு நாளுக்கான அவலும் கருப்பட்டியும் மிச்சம் இருந்தன. தட்டுவடைத் தூள் முந்தைய இரவே தீர்ந்துவிட்டது.