வாசலில் கிடந்த புழு

நேயர்களுக்கு வணக்கம். போன மாசியில் வாடிப்பட்டிப் பக்கம், தேனீப் பெட்டி வைத்திருக்கிற ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருந்தேன். தோப்புக்காரர் என்னைக் கண்டதும், "தம்பி, ஈ தன் குஞ்சைத் தானே இழுத்து வெளிய போடுதுப்பா. ராணி கெட்டுப்போச்சா?" என்றார்.

பெட்டி வாசலில் நாலைந்து புழுக்கள் கிடந்தன. ஒன்றை ஈர்க்குச்சியால் தூக்கினேன். தோல் கிழியவில்லை, உள்ளே தண்ணீர் தளும்பியது, இளநுங்கு மாதிரி. சாக்புரூட் வைரஸ் கண்ட புழு இப்படித்தான் இருக்கும். கூட்டுப்புழுவாகிற நேரத்தில் பழைய தோலை உரிக்க முடியாமல், அதற்குள்ளேயே நீர் கோத்துச் செத்துப்போகும். 1990களின் தொடக்கத்தில் இதன் தாய்லாந்து வகை பரவித்தான் தென்னிந்தியாவில் நம்முடைய அடுக்குத்தேனீப் பெட்டிகள் பெரும்பாலும் காலியாயின. தேனீ வளர்க்கிற மார்த்தாண்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள்.

தேனீக்கு நம்மைப் போல் எதிர்ப்பொருள் சுரக்காது. தடுப்பூசி போட்டு அதை உண்டாக்கவும் வழியில்லை. ஆனால் அதனிடம் ஒரு வெட்டுக்கத்தி இருக்கிறது. இந்த வைரஸ் ஆர்.என்.ஏ. வகை, அதாவது அதன் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. என்ற இழையில் எழுத்தெழுத்தாகக் கோத்திருக்கும். செல்லுக்குள் பெருகும்போது இரட்டை இழையாக நிற்கும். அவ்வளவு நீளமான இரட்டை இழை தேனீயின் சொந்தச் சரக்காக இருக்காது. டைசர் என்ற புரதம் அதைப் பிடித்து, ஏறக்குறைய 22 எழுத்து நீளத்துக்குத் துண்டு போடும். ஆர்கனாட் என்ற இன்னொரு புரதம் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற ஆர்.என்.ஏ.வை எங்கே கண்டாலும் நறுக்கும். ஜேப்படிக்காரன் படத்தை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் எல்லாக் கண்டக்டர் கையிலும் கொடுத்து வைத்த மாதிரிதான்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. தேனீ தின்ற இரட்டை இழை ஆர்.என்.ஏ., அது சுரக்கிற ஊட்டுப்பால் வழியாகப் புழுவுக்கும் போய்ச் சேர்கிறது என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. சோற்றோடு சேர்த்துப் பாதுகாப்பையும் ஊட்டுகிற தாதி!

ஆனால் அதே பாலில் வைரஸும் வரும், அதுதான் சிக்கல். நோய்ப்புழுவை இழுத்துப் போடுகிற இளந்தேனீக்கும் தொற்றிவிடும். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மகரந்தம் தின்பதைக் குறைத்துவிடும், புழுவுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டு நாளாவதற்கு முன்பே மேயக் கிளம்பிவிடும். அதற்கு ஆயுசும் குறைவு. வைரஸ் செய்த கேடோ, கூட்டைக் காக்கிற ஏற்பாடோ, விளைவு ஒன்றுதான்: புழுவின் வாய்க்கு எட்டாத தூரத்துக்கு வைரஸ் போய்விடுகிறது.

தோப்புக்காரர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். கடையில் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது, தேன்தான் கெடும். "தூக்கிப் போடுங்கண்ணே" என்றேன். "இந்தப் பெட்டியின் தேனடைச் சட்டத்தை வேறு பெட்டியில் மாட்டாதீங்க. ராணியைக் கொஞ்ச நாள் கூண்டில் வைங்க, முட்டை நின்றால் வைரஸுக்குப் புழு கிடைக்காது."

"அப்ப ராணி மேல குத்தம் இல்லையா?" என்றார். "இல்லண்ணே, குஞ்சை இழுத்துப் போட்டதுகதான் உங்க பெட்டிக்குக் காவல்காரங்க" என்றேன். வாசலில் கிடந்த புழுக்களைக் கூட்டி அள்ளி, தென்னைமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார்.

வணக்கம்.