மொட்டைப் பனையும் கிளிப்பெட்டியும்

நேயர்களுக்கு வணக்கம். வள்ளியூர் பக்கமோ நாங்குநேரி பக்கமோ போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். தலை போன மொட்டைப் பனையில் ஒரு பொந்து, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு பச்சைக்கிளி. அந்தக் கிளியைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது அங்கேயே நன்றாக இருக்கட்டும். ஆனால் வீட்டில் பறவை வளர்க்கிறவர்கள் அந்தப் பொந்தை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். இருட்டு, ஒடுக்கமான வாசல், நல்ல ஆழம். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிற ஆஸ்திரேலியச் சிறுகிளியும், தலையில் கொண்டை உள்ள காக்டெயில் கிளியும் தேடுவது அதைத்தான். அவை சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டாது. பொந்து கிடைத்தால்தான் முட்டையிட மனசு வரும். அந்தப் பொந்துக்குப் பதிலாகத்தான் கூண்டில் மரப்பெட்டி மாட்டுகிறோம்.

நான் முதலில் ஆசாரியிடம் சொல்லிச் செய்த பெட்டி பார்க்க அழகாக இருந்தது. அடிப்பலகை கண்ணாடி மாதிரி வழவழப்பு. நான்கு குஞ்சு பொரித்ததில் இரண்டுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்துவிட்டது. தாய் மேலே அமர்ந்திருக்க, வழுக்குகிற பலகையில் பிடிமானம் இல்லாத பிஞ்சுக் கால் எப்படி நிற்கும்? அந்த இரண்டும் கடைசி வரை கம்பில் ஏறி உட்காரவில்லை. இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான்.

அதனால் அடிப்பலகையில் சிரட்டையின் வாய் அகலத்துக்கு ஒரு குழி குடையச் சொல்லுங்கள். 2 சென்டிமீட்டர் ஆழம் போதும். முட்டை உருண்டு ஓடாது, குஞ்சும் ஒன்றையொன்று அணைத்துக் கிடக்கும். வாசல் ஒரு ஓரத்தில் மேலே, குழி எதிர் ஓரத்தில். அப்போதுதான் உள்ளே குதிக்கிற தாய் முட்டை மேல் விழாது. சிறுகிளிக்கு 15 சென்டிமீட்டர் சதுரம், 20 சென்டிமீட்டருக்கு மேல் உயரம், வாசல் 4 முதல் 5. காக்டெயிலுக்கு எல்லாப் பக்கமும் 30, வாசல் 7 அல்லது 8. உள்ளே இழைப்புளிச் சீவல் கொஞ்சம் பரப்புங்கள். நைஸான மரத்தூள் வேண்டாம், குஞ்சின் மூக்கில் ஏறும். உள்பக்கம் பெயின்ட்டும் வார்னிஷும் கூடவே கூடாது.

மண்பானை கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகக் கட்டலாம். அடி இயல்பாகவே குழிந்திருக்கும், பெட்டியைவிடச் சூடும் குறைவு. குறை ஒன்றுதான், உள்ளே கைவிட்டுச் சுத்தம் செய்வது கஷ்டம். காருக்குறிச்சிப் பக்கம் பானை வனைகிறவர்களிடம் சொன்னால், பக்கவாட்டில் வாசல் வைத்து, மேல்வாய்க்கு ஒரு மூடியும் போட்டுத் தருவார்கள்.

ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸ் சங்கதி வேறு. பெட்டிக்குள்ளும் அது கூடு அமைக்கும். பச்சைப் பனையோலை ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். ரோஸ் முக வகையில் பெண் பறவை ஓலையை நீள நீளமாகக் கிழித்து, முதுகின் அடிச்சிறகில் செருகிக்கொண்டு பெட்டிக்குப் பறக்கும். பாதி வழியில் விழுந்துவிடும். மறுபடி கிழிக்கும். நான் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

நிறைய ஜோடி ஒரே கூண்டில் இருந்தால், ஜோடிகளைவிட இரண்டு பெட்டியாவது அதிகம் கட்டுங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் உயரத்துப் பெட்டிக்கு ரத்தம் வருகிற சண்டை. அப்புறம் எறும்பு. பொரித்த குஞ்சை ஒரே ராத்திரியில் தின்றுவிடும். பெட்டியைக் கம்பியில் தொங்கவிட்டு, கம்பியில் கிரீஸ் தடவுங்கள். பறவைக்கு எட்டாத இடத்தில் தடவ வேண்டும்.

பெட்டி மாட்டியிருக்கும் வரை பெண் பறவை முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், உடம்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தெல்லாம் வற்றிவிடும். கூண்டில் கணவாய் ஓடு எப்போதும் இருக்கட்டும். இரண்டு ஈடு பொரித்ததும் பெட்டியை எடுத்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில், அதுவும் தகரக் கொட்டகையில், அடைகாக்கவே விடாதீர்கள். உள்ளே குஞ்சு வெந்துபோகும். அந்த மாதங்களில் பெட்டியைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். குற்றாலத்தில் சாரல் விழுந்து காற்று குளிர்ந்ததும் புதுச் சீவல் போட்டு மறுபடி மாட்டலாம். நன்றி, வணக்கம்.