சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போய், படிவம் 6 நிரப்பிக்கொண்டிருக்கிறேன்

வணக்கம் மக்களே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வீடியோவில் என் மூஞ்சியைத் தவிர வேறு யார் மூஞ்சியும் வராது. சென்னை பாரிமுனையில் வீடில்லாதவர்களோடு வாலண்டியராக வேலை செய்கிறேன் என்று சொன்னதும், "ப்ரோ, அங்கேயே ஷூட் பண்ணுங்க" என்று நிறைய பேர் கமெண்ட் போட்டிருந்தீர்கள். தூங்குகிற மனுஷர் மேல் கேமராவைத் திருப்ப எனக்கு மனசு வரவில்லை. அதனால் இன்றைக்கு வெறும் பேச்சுதான்.

எங்கள் வேலை ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் ஆரம்பிக்கும். என்.எஸ்.சி. போஸ் ரோட்டை ஒட்டிய தெருக்களில் அப்போதுதான் ஷட்டர்கள் இறங்கும். இறங்கின கையோடு ஒரு குடும்பம் வந்து கடைப்படியைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, சாக்கு விரித்து, அதன் மேல் பாய் போடும். அவர்கள் கொசுவலை கட்டுவதை நீங்கள் பார்க்கணும். இரண்டு முனை ஷட்டர் கைப்பிடியில், ஒரு முனை பக்கத்துக் கம்பத்தில், நாலாவது முனை மீன்பாடி வண்டியின், அதாவது சரக்கு ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியின், ஹேண்டில்பாரில். விடியற்காலையில் வண்டி லோடுக்குக் கிளம்பிவிடும் என்பதால், அந்த முனையில் மட்டும் ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி முடிச்சு. உள்ளே குழந்தை தூங்குகிறதில்லையா!

வண்டி ஓட்டுகிறவர் அந்தக் குழந்தையின் அப்பாதான். அம்மா ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறார். அந்தத் தெருவில் நான் பழகியவர்களில் வேலைக்குப் போகாதவர்கள் ரொம்பக் குறைவு. லோடு ஏற்றுவது, பூ கட்டுவது, மண்டபத்தில் பந்தி பரிமாறுவது, குப்பை பிரிப்பது என்று ஆளுக்கொரு வேலை. உழைத்தால் முன்னேறலாம் என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். நான் எழுந்து பல் தேய்ப்பதற்குள் அரை நாள் கூலி வேலையை முடித்துவிடுகிற அந்த வண்டிக்காரர் ஏன் நடைபாதையில் இருக்கிறார்? ஒரு முறை அவரிடமே கேட்டேன். "அட்வான்ஸ் யாரு குடுப்பா தம்பி?" என்றார். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற பழக்கம் உங்களுக்கே தெரியும். தினக்கூலியில் வாடகையையாவது எப்படியோ புரட்டலாம், பத்து மாதத்தை மொத்தமாகப் புரட்ட முடியாது.

அப்புறம் இந்தச் சாப்பாட்டு விஷயம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே வந்து பாருங்கள். பிறந்தநாள், நினைவுநாள், காலேஜ் குரூப் என்று வேன் மேல் வேன் நிற்கும். எல்லாவற்றிலும் லெமன் சாதம். செவ்வாய்க்கிழமை ஈ, காக்கா இருக்காது. அன்றைக்கு அம்மா உணவகம்தான். 2013-இல் ஒரு ரூபாய் இட்லியோடு ஆரம்பித்தது. எனக்கு அரசியல் தெரியாது, ஆனால் அந்தத் தெருவில் அதற்கு இருக்கிற மரியாதை தெரியும். பசியைக்கூட எப்படியாவது சமாளித்துவிடுகிறார்கள். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காத பெண்கள் அங்கே இருக்கிறார்கள், ராத்திரியில் கழிப்பறை பூட்டியிருக்கும் என்பதால். லெமன் சாதம் கொண்டுவருகிறவர்கள் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அங்கே பூ கட்டுகிற ஆயா ஒருவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, நீ படிக்கிற புள்ளதானே, இத என்னன்னு பாரு" என்று சுருக்குப் பையிலிருந்து பால் கவர் ஒன்றை எடுத்தார். உள்ளே ஆதார் ஜெராக்ஸ். மழையில் நனைந்து, எழுத்தெல்லாம் ஊதாக் கறையாகப் பரவியிருந்தது. ரேஷன் கார்டுக்கு முகவரிச் சான்று கேட்கிறார்கள். நடைபாதைக்கு யார் சான்று தருவார்?

ஆனால் ஓட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கிற படிவம் 6-இல் வீடில்லாதவர் தான் தூங்குகிற இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., ஒரு ராத்திரிக்கு மேல் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்கணும். தூங்கினால் போதும், முகவரிக்கு வேறு சான்று தேவையில்லை. இது தேர்தல் ஆணையத்தின் விதி. இன்ன கடை எதிரே, நடைபாதை என்று எழுதிக் கொடுத்தோம். "ஆபீசரு ராத்திரியில எனக்கோசரம் வருவாரா?" என்று ஆயாவுக்கு ஒரே சிரிப்பு. வந்தார். ஆயா அன்றைக்குச் சீக்கிரமே பாய் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

வீடில்லாதவர்களுக்கான காப்பகத்துக்குப் போகலாமே என்று கேட்டிருந்தீர்கள். நகரத்து மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கணும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன. தனியாளாக இருக்கிற வயதானவர்களுக்கு அது பெரிய உதவி, நானே அழைத்துப் போயிருக்கிறேன். ஆனால் பெரும்பாலும் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. அந்த மீன்பாடி வண்டிக் குடும்பம் போனால் அப்பா ஓரிடம், அம்மாவும் குழந்தையும் வேறிடம். வண்டியை எங்கே நிறுத்துவது? அவர்கள் வரமாட்டேன் என்று சொல்வதில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடில்லாதவர்களை பிப்ரவரி 28 ராத்திரி, ஒரே ராத்திரியில் எண்ணினார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர். அந்த ராத்திரி லோடுக்குப் போயிருந்தவரை எண்ணினார்களா என்பது இப்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. முன்பு இதைப் பரீட்சைக்குப் படித்திருந்தால் எண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணியிருப்பேன்.

கடைசியாக, கமெண்டில் வந்த இரண்டு கேள்வி. மனநலம் சரியில்லாமல் ரோட்டில் திரிகிறவரைப் பார்த்தால் என்ன செய்வது? போலீஸிடம் சொல்லுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரைப் பாதுகாப்பது அவர்கள் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகணும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. சென்னையில் மாநகராட்சியின் 1913-க்கும் போன் பண்ணலாம்.

பழைய துணி கொடுக்கலாமா? வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வைக்க இடமில்லாதவருக்கு அது சுமை. கொசுவலை கொடுங்கள், தார்பாய் கொடுங்கள். அப்புறம், யார் வீட்டிலாவது லேமினேஷன் மெஷின் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் வேண்டும்.