லியோனிடஸின் மார்புக் கவசம் எங்கே போனது?

எல்லாருக்கும் வணக்கம்.

படம் முடிந்து விளக்கு போட்டதும் பின்வரிசையில் ஒரு தம்பி விசில் அடித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2007-இல் இதே '300' படத்தைத் தியேட்டரில் முதல் தடவை பார்த்தபோது நானும் அடித்தவன்தான். அதுவும் அந்தக் கிணற்றுக் காட்சியில். பாரசீகத் தூதன் வந்து அடிபணிந்ததற்கு அடையாளமாக மண்ணும் நீரும் கேட்கிறான், கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவின் அரசன் லியோனிடஸ் ஓங்கி ஒரு உதை விடுகிறான், ஆள் கிணற்றுக்குள் போய்விடுகிறான். பிற்பாடு பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸைப் படித்தபோது, அந்த விசிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

சரி, எளிதான குற்றச்சாட்டை முதலில் முடித்துவிடுவோம். உடை. கி.மு. 480-இல் பாரசீகப் படையைத் தடுக்கத் தெர்மோப்பிலே கணவாயில் நின்ற ஸ்பார்ட்டா வீரன் தோல் ஜட்டியும் சிவப்புப் போர்வையுமாகச் சண்டைக்குப் போகவில்லை. தலைக்கு வெண்கலக் கவசம். மார்புக்கு வெண்கலத்திலோ, பல மடிப்புத் துணியிலோ செய்த கவசம். முழங்காலுக்குக் கீழே தனிக் கவசம். கையில் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கேடயம், இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஈட்டி. கேடயத்தின் ஒரு பாதிதான் பிடித்திருப்பவனுக்கு. மறுபாதி இடப்பக்கம் நிற்பவனைக் காக்கும். வரிசையில் ஒருவன் விலகினால் பக்கத்தில் நிற்பவன் உயிருக்கு ஆபத்து. இதைப் படத்திலேயே லியோனிடஸ், படையில் சேர வரும் கூனன் எபியால்டிஸுக்கு அழகாக விளக்குகிறான். விளக்கிய கொஞ்ச நேரத்தில் அவனே வரிசையை விட்டு வெளியே ஓடி, ஸ்லோ மோஷனில் தனியாகப் பத்துப் பேரை வெட்டுகிறான்! உண்மையான ஸ்பார்ட்டாவில் இதற்குக் கைதட்டல் கிடைத்திருக்காது.

ஆனாலும் உடை வழக்கை நான் தள்ளுபடி செய்கிறேன். கிரேக்கக் குயவர்கள் தங்கள் ஜாடிகளில் வீரர்களை எப்படி வரைந்தார்கள் என்று பாருங்கள். தலைக்கவசம் இருக்கும், கேடயம் இருக்கும், பல நேரம் உடம்பில் ஒட்டுத்துணி இருக்காது. அந்தக் குயவனுக்கு நிஜப் போர்க்களம் தெரியாதா? அக்கம்பக்கத்தில் எல்லாரும் சண்டைக்குப் போய் வந்தவர்கள். தெரிந்தே வரைந்தான். வீரனின் உடம்பு தெரிய வேண்டும், அவ்வளவுதான். இயக்குநர் ஜாக் ஸ்னைடர் எடுத்ததும் பிராங்க் மில்லர் 1998-இல் வரைந்த சித்திரக்கதையை. மாண்ட்ரியல் ஸ்டூடியோவில் நீலத்திரைக்கு முன்னால் எடுத்த படம் அது. அதில் போய் மார்புக் கவசம் எங்கே என்று தேடுவது, கோயில் சிற்பத்தைப் பார்த்து நாலு கைக்கும் சட்டை எப்படித் தைத்தார்கள் என்று கேட்பது மாதிரி.

எண்ணிக்கையிலும் விட்டுவிடலாம். பாரசீகப் படையை ஹெரோடோட்டஸ் கணக்குப் போடுகிறார். சேவகர்களையும் சேர்த்து 52,83,220 பேராம். கடைசியில் வரும் அந்த இருபதைக் கவனியுங்கள்! இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஒன்று முதல் மூன்று லட்சத்துக்குள் நிற்கிறார்கள். அந்தப் போர் நடந்தபோது ஹெரோடோட்டஸ் சின்னக் குழந்தை. வரலாற்றின் தந்தையே இப்படிக் கூட்டிச் சொல்லும்போது, சினிமாக்காரர் பத்து லட்சம் என்றால் அடக்கமாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் என் புகார் என்ன? படத்தில் மாற்றியவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன.

வழியில் சேரும் கூட்டணிப் படையிடம் லியோனிடஸ் கேட்பானே, உன் தொழில் என்ன என்று? ஒருவன் குயவன், ஒருவன் சிற்பி, ஒருவன் கொல்லன். ஸ்பார்ட்டாக்காரர்களுக்கோ போர் ஒன்றே தொழில். அரங்கம் அதிரும் காட்சி. இந்தக் கதை பழைய நூலில் இருக்கிறது. புளூட்டார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் சொல்கிறார், ஆனால் லியோனிடஸைப் பற்றி இல்லை. பல தலைமுறைக்குப் பின் வந்த அஜெசிலாஸ் என்ற அரசனைப் பற்றி. சரி, கடன் வாங்கியதும் தப்பில்லை. நான் கேட்பது வேறு. ஸ்பார்ட்டாக்காரன் குயவனாகவோ உழவனாகவோ இல்லாமல் இருக்க முடிந்தது எப்படி? அவன் நிலத்தை உழுதது யார்? ஹெலட்டுகள். ஊரோடு அடிமையாக்கப்பட்ட மக்கள். மறு வருடம் பாரசீகரோடு நடந்த பிளாட்டேயா போருக்கு 5,000 ஸ்பார்ட்டா வீரர்கள் போனபோது, ஒருவருக்கு ஏழு பேர் என்று 35,000 ஹெலட்டுகள் கூடப் போனதாக ஹெரோடோட்டஸே எழுதுகிறார். விடுதலை, விடுதலை என்று இரண்டு மணி நேரம் முழங்கும் படத்தில் ஒரு ஹெலட்டின் முகம்கூட இல்லை.

தெஸ்பியா ஊர்க்காரர்களையும் காணோம். கடைசி நாளில் மற்றவர்கள் கிளம்பிய பிறகு, 700 தெஸ்பியர்கள் தாங்களாகவே நின்று கடைசி ஆள் வரை செத்தார்கள். பிறகு பாரசீக மன்னன் செர்க்சஸ் அவர்கள் ஊரையே எரித்தான். முந்நூறு பேருக்கு உலகப்புகழ், எழுநூறு பேருக்கு 1997-இல்தான் அங்கே ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள்.

எஃபோர்கள் விஷயம் இதைவிட வேடிக்கை. மலை உச்சியில் அழுகிய முகத்தோடு லஞ்சம் வாங்கும் கிழட்டுப் பூசாரிகளாகக் காட்டுகிறார்களே, அவர்கள் நிஜத்தில் வருடா வருடம் குடிமக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து அதிகாரிகள். அரசனையே தட்டிக் கேட்கும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. விடுதலையைப் பாடும் படம், அந்த ஊரில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு பதவியைப் பிடித்துப் பூதமாக்கியிருக்கிறது. எதிரே செர்க்சஸ், உடம்பெல்லாம் வளையம் மாட்டிய ராட்சசன். அந்தப் பெரும்படையில் அழகிலும் உயரத்திலும் அவனுக்கு ஈடில்லை என்று எழுதியவர் ஹெரோடோட்டஸ், அதாவது கிரேக்கர். 2007-இல் ஈரான் அரசு இந்தப் படத்தை எதிர்த்ததில் அரசியலும் இருந்தது, நியாயமும் இருந்தது.

இப்போது கிணற்றுக்கு வருவோம். ஸ்பார்ட்டா தூதர்களைக் கிணற்றில் தள்ளியது உண்மை. ஆனால் அவர்கள் செர்க்சஸின் தூதர்கள் இல்லை. பல வருடங்களுக்கு முன், அவனுடைய அப்பா தாரியஸ் அனுப்பியவர்கள். தள்ளிவிட்டு ஸ்பார்ட்டா நிம்மதியாக இருக்கவில்லை. பலி கொடுத்தால் நல்ல சகுனம் வரவில்லை. தூதனைக் கொன்ற பாவம் என்று ஊரே நடுங்கியது. அனுமன் வாலில் தீ வைத்த கதை தெரிந்த நமக்கு இது புரியும். ராவணன் சபையிலேயே தூதனைக் கொல்லக் கூடாது என்று சொல்ல ஒரு விபீஷணன் இருந்தான். ஸ்பார்ட்டா என்ன செய்தது தெரியுமா? ஊருக்காக உயிர் கொடுக்க யார் தயார் என்று திரும்பத் திரும்பச் சபையில் கேட்டது. ஸ்பெர்த்தியாஸ், பூலிஸ் என்று இரண்டு பேர், நல்ல குடும்பத்துப் பணக்காரர்கள், முன்வந்தார்கள். சாவதற்காகவே பாரசீக மன்னனின் தலைநகர் சூசா வரை போனார்கள். மன்னன் முன் விழுந்து வணங்க மறுத்தார்கள். எங்களைக் கொன்று கணக்கைத் தீர்த்துக்கொள் என்றார்கள். செர்க்சஸ் கொல்லவில்லை. தூதரைக் கொன்று உலகத்தார் நியதியை மீறியது நீங்கள், அதே தப்பை நான் செய்ய மாட்டேன், உங்களைக் கொன்று உங்கள் ஊரைப் பழியிலிருந்து விடுவிக்கவும் மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

இதைப் படித்துவிட்டு அந்த உதையை நினைத்துப் பாருங்கள். எது பெரிய காட்சி?

இதற்குப் படத்தின் பக்கம் ஒரு பதில் உண்டு. கதையைச் சொல்பவன் டிலியோஸ். ஒரு கண்ணை இழந்து ஊர் திரும்பி, மறுபோருக்கு ஆட்களை உசுப்பேற்றச் சொல்கிறான். அவன் மிகைப்படுத்தத்தானே செய்வான்? நல்ல வாதம், பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிஜத்தில் அப்படித் திரும்பியவன் பெயர் அரிஸ்டோடெமஸ். கண்நோய் என்று தெர்மோப்பிலேயிலிருந்து அனுப்பப்பட்டவன். அதே கண்நோயோடு இருந்த யூரிட்டஸ், தன் ஹெலட்டின் கையைப் பிடித்துக்கொண்டு களத்துக்குப் போய்ச் செத்தான். அரிஸ்டோடெமஸ் வீட்டுக்கு வந்தான். ஊரில் ஒருவரும் அவனோடு பேசவில்லை, அடுப்புக்கு நெருப்புக்கூடக் கொடுக்கவில்லை. நடுங்கி என்று பெயர் வைத்தார்கள். பிளாட்டேயாவில் வரிசையை விட்டுப் பாய்ந்து, வெறியோடு சண்டை போட்டுச் செத்தான். எல்லாரையும்விட வீரமாகப் போரிட்டவன் அவன்தான் என்பது ஹெரோடோட்டஸின் தீர்ப்பு. ஸ்பார்ட்டா மரியாதை செய்ய மறுத்துவிட்டது, சாகவேண்டும் என்றே போனவன் என்று. இந்த மனிதனைக் கையில் வைத்துக்கொண்டு படம் அவனை வெறும் கதைசொல்லியாக்கிவிட்டது. எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

மற்ற படங்களைப் பற்றிப் பேச நேரமில்லை. ஒன்று மட்டும். 2004-இல் வந்த 'டிராய்' படத்தில் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானை டிராயிலேயே கொன்றுவிடுகிறார்கள். பழைய கதையில் அவன் வீடு திரும்பி மனைவி கையால் சாக வேண்டும். கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸின் மூன்று நாடகங்களுக்கு அந்தச் சாவுதான் அஸ்திவாரம்.

எஸ்கிலஸ் என்றதும் இன்னொன்று. பாரசீகரைக் கிரேக்கர் தோற்கடித்த சலாமிஸ் கடற்போர் முடிந்து எட்டே வருடத்தில், கி.மு. 472-இல், அவர் 'பாரசீகர்கள்' என்ற நாடகத்தை ஏதென்ஸில் போட்டார். அவரே மராத்தானில் பாரசீகரோடு சண்டை போட்டவர். பார்க்க உட்கார்ந்தவர்களில் பலர் சலாமிஸில் துடுப்புப் போட்டவர்கள். கதை நடக்கும் இடம் பாரசீக அரண்மனை. மேடையில் தாரியஸின் ஆவி வருகிறது. சூசாவில் யார் எப்படி அழுதார்கள் என்று எஸ்கிலஸ் போய்ப் பார்க்கவில்லை, முழுக்கக் கற்பனை. அந்தக் கற்பனையைத் தோற்ற எதிரியின் தாயை அழவைக்கச் செலவழித்தார். ஜெயித்த ஊர் உட்கார்ந்து பார்த்து முதல் பரிசு கொடுத்தது.

செயலாளர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். விசில் அடித்த தம்பி முதலில் கேட்கட்டும்.