அந்தப் பாட்டு யாருக்காக? – திருமங்கலம் நேயரின் கேள்விக்குப் பதில்

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும் இன்னிக்கு எடுத்துக்கிறேன். திருமங்கலத்துல இருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்காரு. அவர் எழுதுனதை அப்படியே வாசிக்கிறேன்.

"எங்ககூட பத்தாம் வகுப்பு படிச்சவங்க நாப்பது பேரு சேர்ந்து வாட்ஸ்அப்ல ஒரு குரூப் வச்சிருக்கோம். பழைய பாட்டும் ஜோக்கும் மட்டும்தான்னு பேசி ஆரம்பிச்சது. மொத ஆறு மாசம் அம்புட்டு சந்தோசமா இருந்துச்சு. இப்ப விடிஞ்சா எழுபது, எம்பது வந்து கிடக்கு, ஒருத்தரும் தொறந்து பாக்குறதில்ல. கூடப் படிச்ச பொம்பளைப் பிள்ளைக மூணு பேரு சொல்லாம கொள்ளாம வெளிய போயிட்டாங்க. குரூப்பைக் கலைச்சிரலாமான்னு தோணுது. என்ன செய்யலாம்?"

கலைக்காதீங்கண்ணே. நாப்பது வருசம் கழிச்சு நாப்பது பேரைத் தேடிப்பிடிச்சு ஒண்ணு சேக்குறது லேசுப்பட்ட காரியமில்ல. நீங்க அதைச் செஞ்சிட்டீங்க. மிச்சம் இருக்குறதைச் சரி பண்ணிரலாம்.

நம்ம சின்ன வயசுல பாட்டு நம்மகிட்ட எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் நெனைச்சுப் பாருங்க. நான் செல்லூர்ல வளந்தவன். எங்க தெருவுல வீட்டுக்கு வீடு தறி. தறிச் சத்தத்துக்கு மேல கேக்கணும்னு ரேடியோவை முழுசாத் திருகி வச்சிருப்பாங்க. இலங்கை வானொலி. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து வர்றது நம்ம மதுரையில அவ்வளவு தெளிவாக் கேக்கும். கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல் வந்தா கை தறியில இருக்கும், காது ரேடியோவுல இருக்கும். பாட்டைப் போடுறதுக்கு முன்னாடி என்ன படம், யார் பாடுனது, யார் இசைன்னு சொல்லுவாங்க. அப்புறம், இந்தப் பாட்டை விரும்பிக் கேட்டவங்கன்னு ஊரும் பேருமா வரிசையா வாசிப்பாங்க. எங்க தெருவுல ஒருத்தர் கார்டு எழுதிப் போட்டுட்டு மாசக்கணக்காக் காத்திருந்தாரு. ஒரு நாள் அவர் பேரு வந்துச்சு, கூடவே அவர் தங்கச்சி பேரும். தறியை நிறுத்திட்டு வாசலுக்கு ஓடி வந்தாரு. பாட்டு என்னவோ மூணு நிமிசம்தான். அந்தப் பேச்சு தெருவுல ஒரு வாரம் ஓடுச்சு.

காதுகுத்து, கல்யாணம்னா குழாய் ஸ்பீக்கர் கட்டுவாங்க. அதுலயும் இதே கதைதான். பாதிப் பாட்டுல நிறுத்தி, தாய்மாமன் மொய் இவ்வளவுன்னு மைக்குல பேரு சொல்லிட்டு, திரும்பப் பாட்டை விடுவாங்க. அன்னிக்கு அந்த விசேஷ வீட்டுல கேட்ட பாட்டை இப்ப எங்க கேட்டாலும் எனக்கு அந்தப் பந்தல் கண்ணுல வருது, அந்த மாமன் முகம் வருது.

அப்ப பாட்டு தனியா வரல. ரெண்டு பேரைச் சேத்துக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. ஒண்ணு, அதை உண்டாக்குனவங்க பேரு. இன்னொண்ணு, யாரு யாருக்காகக் கேட்டாங்கங்கிற பேரு. இப்ப உங்க குரூப்புல வந்து கிடக்குற எழுபதுல இந்த ரெண்டு பேரும் இருக்கான்னு பாருங்க. இருக்காது. மேல ரெட்டை அம்புக்குறி மட்டும் இருக்கும். அஞ்சு கை மாறி வந்த மெசேஜுக்குத்தான் வாட்ஸ்அப் அந்தக் குறியைப் போடும். அதாவது, அனுப்புன உங்க நண்பரே அதைக் கேட்டிருக்க மாட்டாரு. அவரே கேக்காததை நாம ஏன் கேக்கப் போறோம்?

எங்க அனுபவத்தைச் சொல்றேன். நாங்க எட்டுப் பேரு. ஒருத்தன் ஷார்ஜாவுல வண்டி ஓட்டுறான், ரெண்டு பேரு திருப்பூர்ல, மத்தவங்க இங்கிட்டுத்தான். எங்க குரூப்பும் உங்களுது மாதிரியே அடைஞ்சுபோய்க் கிடந்துச்சு. ஒரு நாள் ராத்திரி நான் ஒரு பாட்டை அனுப்பி, கீழ நாலு வரி எழுதுனேன். "டேய், பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு மாரியம்மன் தெப்பக்குளத்துச் சுவத்துல நீயும் நானும் உக்காந்திருந்தோம். எதுத்தாப்புல டீக்கடையில இந்தப் பாட்டு ஓடுச்சு. அப்பத்தான் நீ, எங்கப்பா என்னைய மேல படிக்க வைக்க மாட்டாருன்னு சொன்ன"ன்னு ஷார்ஜாக்காரன் பேரைப் போட்டு எழுதுனேன். ஒரு மணி நேரத்துல வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. வண்டியை ஓரங்கட்டி நிப்பாட்டிட்டுப் பேசுறான். அன்னிக்குத் தண்ணியில்லாத தெப்பக்குளத்துல பசங்க கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்ததுகூட அவனுக்கு ஞாபகம் இருக்கு. அதைக் கேட்டுட்டு மத்த ஆறு பேரும் ஒவ்வொருத்தரா அவங்கவங்க கதையைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. விடிய விடிய யாரும் தூங்கல.

அதுக்கப்புறம் ஒரே ஒரு ஏற்பாடுதான் பண்ணோம். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, ஒருத்தர் முறை. யாருக்காக அனுப்புறோம்னு பேரு போடணும், எங்க கேட்டோம்னு ரெண்டு வரி இருக்கணும். உங்களுது நாப்பது பேரு, அதனால முறை வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். ஆகட்டுமே. அந்தக் கார்டு எழுதுனவர் காத்திருக்கலையா?

உண்டாக்குனவங்க பேரைப் பத்தி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்லணும், ஏன்னா இது எனக்கு மனசு வலிக்கிற விஷயம். பழைய பாட்டுன்னா எல்லாத்தையும் கண்ணதாசன் கணக்குல எழுதிர்றாங்க. "தூங்காதே தம்பி தூங்காதே" பாட்டை எடுத்துக்கங்க. 1958ல வந்த நாடோடி மன்னன் படம். எழுதுனது பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. அந்தப் படத்துக்கு வசனம் எழுதுனதுல கண்ணதாசனுக்குப் பங்கு உண்டு, அதனால குழப்பம் வர்றது இயற்கைதான். ஆனா பட்டுக்கோட்டையார் 1959 அக்டோபர்ல போய்ச் சேந்துட்டாரு. வயசு இருபத்தொம்பது. அந்த மனுசன் விட்டுட்டுப் போனதே அந்தப் பாட்டுகதான். அதுலயும் வேற பேரைப் போட்டா அவருக்கு என்ன மிச்சம்?

அதே மாதிரி, 1965 வரைக்கும் விஸ்வநாதன் – ராமமூர்த்தின்னு ரெண்டு பேரும் சேர்ந்துதான் இசையமைச்சாங்க. இப்ப வர்ற மெசேஜ்ல ராமமூர்த்தி பேரைக் காணவே காணோம். டி.எம். சௌந்தரராஜன் நம்ம மதுரையில பொறந்தவரு. இதையே நம்ம ஊர்ப் பிள்ளைக நெறையப் பேருக்கு யாரும் சொல்லலை. பாட்டு அனுப்பும்போது ஒரு வரி சேத்துச் சொன்னா அவங்களும் தெரிஞ்சுக்குவாங்க.

இன்னொண்ணு, பாட்டு பொறந்த கதைன்னு வரும் பாருங்க. கவிஞருக்கு அன்னிக்குக் கடுமையான காய்ச்சல், தயாரிப்பாளரோட சண்டை, அப்படியே சிகரெட் அட்டையில எழுதிக் கொடுத்தார்னு. அதுல பாதி ஆள் ஆளுக்குக் கட்டுன கதை. பாட்டு வந்த வருசத்தையும் அந்தக் கவிஞரோட காலத்தையும் ஒட்டிப் பாருங்க, பாதி அங்கேயே உதிர்ந்துரும். அதுலயும் நிதானம் வேணும். "சின்னப் பயலே" பாட்டு வந்த அரசிளங்குமரி 1961ல வந்த படம். பட்டுக்கோட்டையார் மறைஞ்சதுக்கு அப்புறம் வந்துச்சு, ஆனா பாட்டு அவருதுதான். படத்தோட டைட்டில்ல பேரு பாத்துட்டு அனுப்புறதுதான் நல்லது. இப்ப முழுப் படமே யூடியூப்ல கிடைக்குது, ரெண்டு நிமிச வேலை.

சரி, ஜோக்குக்கு வர்றேன். அந்த மூணு பேரு ஏன் போனாங்கன்னு நீங்க கேள்வியில எழுதல. ஆனா உங்க குரூப்புல கடைசியா வந்த இருபது ஜோக்கை மேல தள்ளிப் பாருங்கண்ணே. அதுல எத்தனை பொண்டாட்டியை மட்டம் தட்டுறதுன்னு எண்ணுங்க. எனக்கு வர்ற குரூப்புகள்ல பாதிக்கு மேல அதுதான். அந்தப் பிள்ளைகளும் யாரோ ஒருத்தருக்கு வீட்டுக்காரம்மாதானே? தினமும் காலையில எந்திரிச்சு அதைப் பாத்துட்டு எப்படி உக்காந்திருப்பாங்க? சண்டை போடாம எந்திரிச்சுப் போயிட்டாங்க.

நம்ம ஊர்க்காரர் வடிவேலுவைப் பாருங்க. அடி வாங்குறது யாரு? அவரேதான். பந்தாவா வந்து நிப்பாரு, மாட்டிக்குவாரு, நாம சிரிப்போம். சிரிச்ச யாருக்கும் மனசு நோகல. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும் ஜோடியா நிக்கும்போது, அந்தம்மா அவருக்குச் சரிக்குச் சரி பதில் சொல்லும். அதனாலதான் அது இன்னிக்கும் நிக்குது.

நண்பர்களுக்குள்ள ஜோக்குன்னா எழுதி அனுப்பாம பேசி அனுப்புங்க. நம்ம மதுரைப் பேச்சுல சிரிப்பே அந்த இழுப்புலதான் இருக்கு. "என்னண்ணே, இப்புடிப் பண்ணிட்டீக"ன்னு ஒருத்தன் சொல்றதை எழுத்துல படிச்சா ஒண்ணுமில்ல, குரல்ல கேட்டா வயிறு வலிக்கும். கணக்கு வாத்தியார் கேள்வி கேட்டப்ப கடைசி பெஞ்சுல இருந்து வந்த பதில், சைக்கிள்ல டபுள்ஸ் போயி போலீஸ்ல மாட்டுனது, தங்கம் தியேட்டர் டிக்கெட் கூட்டத்துல சட்டை கிழிஞ்சது, இதெல்லாம் உங்க நாப்பது பேருக்குள்ள மட்டும் இருக்குற சரக்கு. வெளிய எவனும் இதை ஃபார்வேர்டு பண்ண முடியாது.

ஒரு சின்ன விஷயம் சொல்லிர்றேன், நெறையப் பேரு கேக்குறீங்க. பாட்டு ஃபைலை அனுப்பும்போது டாக்குமென்ட்டா அனுப்புங்க, தரம் குறையாமப் போகும். போன்ல இடம் பத்தலைன்னா லிங்க் போதும். மெசேஜ் தானா அழியிற வசதி போட்டு வச்சிருந்தா அதை எடுத்துருங்க. அந்த நாலு வரிக் கதைக நாளைக்கு வேணும்.

அண்ணே, நீங்க இன்னிக்கே ஒண்ணு செய்ங்க. குரூப்புல எதுவும் போடாதீங்க. அந்த மூணு பேருக்கும் தனித்தனியாப் போன் பண்ணுங்க. "தப்பு எங்க மேலதான், இனிமே அது வராது, வாங்கம்மா"ன்னு கேளுங்க. அப்புறம், பள்ளிக்கூட ஆண்டு விழாவுல நீ பாடுன பாட்டு எது, ஞாபகம் இருக்கான்னு கேளுங்க. அவங்க சொல்ற பாட்டை, அவங்க பேரைப் போட்டு, மொதப் பாட்டா அனுப்புங்க.