தட்டணு தானம்: உதட்டில் குறுகுறுத்தால் உடனே சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

டெங்குக் காய்ச்சலுக்கோ புற்றுநோய்க்கோ சிகிச்சை பெறுபவருக்காக, ‘எஸ்டிபி கொடுக்க ஆள் வேண்டும்’ என்று ரத்த வங்கியிலிருந்து அழைப்பு வரும். ஒரே கொடையாளியிடம் ரத்தம் எடுத்து, தட்டணுக்களை (பிளேட்லெட்) மட்டும் இயந்திரத்தில் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை அவருக்கே திருப்பி ஏற்றுவதுதான் எஸ்டிபி. ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். குழாய்க்குள் ரத்தம் உறையாமலிருக்க, ஏறக்குறைய பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஏசிடி-ஏ என்னும் சிட்ரேட் கரைசல் கலக்கிறது. அதில் ஒரு பகுதி உங்கள் உடம்புக்குள்ளும் போகிறது.

சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். நரம்புக்கும் தசைக்கும் இதயத்துக்கும் அதே கால்சியம்தான் வேண்டும். உள்ளே போகும் சிட்ரேட்டைக் கல்லீரல் சீக்கிரமே கரைத்துவிடும். அதைவிட வேகமாக ஏறினால்தான் தொல்லை.

முதலில் உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கும். விரல் நுனி மரக்கும், சிலருக்கு வாயில் உலோகச் சுவை தட்டும், குளிரும். ரத்தம் திரும்பி ஏறும் நேரத்தில்தான் இது கூடுதலாகத் தெரியும். ‘இதைப் போய்ச் சொல்வானேன்’ என்று தயவுசெய்து பொறுத்துக்கொள்ளாதீர்கள். அப்போதே சொன்னால், ஏறும் வேகத்தைக் குறைத்து, கால்சியம் மாத்திரையை மென்று தின்னத் தருவார்கள்; பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். விட்டுவிட்டால் கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும், அரிதாக இதயத்துடிப்பும் தடுமாறும். பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் கால்சியம் இன்னும் இறங்கும், நிதானமாக விடுங்கள். வெறும் வயிற்றோடும் வராதீர்கள்.

ரத்த வங்கி ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. உயரம், எடை, பாலினத்தை வைத்துத்தான் இயந்திரம் ரத்த அளவைக் கணித்து, சிட்ரேட் வேகத்துக்கு வரம்பு போடுகிறது. 52 கிலோவை 62 என்று தட்டினால் அந்த வரம்பே தப்பாகிவிடும். கொடையாளியைக் கேட்டு எழுதாமல், எடை பார்த்து எழுதுங்கள். கைவிரல்கள் இழுத்துக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால்சியம் குளுக்கோனேட் ஊசியை அவர் மேற்பார்வையில் வேறு ரத்த நாளத்தில் மெதுவாகப் போட வேண்டும்; இயந்திரக் குழாயில் போட்டால் உள்ளேயே ரத்தம் உறையும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பைகளை மாட்டும்போது சலைன் எது, ஏசிடி-ஏ எது என்று லேபிளை வாய்விட்டுப் படியுங்கள், இன்னொருவரும் சரிபார்க்கட்டும். இரண்டும் தெளிந்த நீர் போலவே இருக்கும். இடம் மாறினால் குழாயில் ரத்தம் உறையும், கொடையாளிக்குச் சிட்ரேட் நேரடியாக ஏறும்.